மலாவிக்குப் புறப்படும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

இங்கிலாந்தில் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தங்கையின் மகள், கோடை விடுமுறையில் தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி நாட்டில் ஒரு மலேரியா தடுப்புத் திட்டத்தில் தன்னார்வலராகப் பணியாற்றப் போகிறாள். நானும் இங்கிலாந்தில் நெடுங்காலமாகச் செவிலியராக இருப்பதால், எந்தத் தடுப்பூசி, எந்த மாத்திரை என்று பட்டியல் கேட்டாள், எழுதிக் கொடுத்தேன். அந்தப் பட்டியல் முழுவதும் அவள் உடம்பைக் காப்பதற்கானது. அவள் போய் இறங்கும் ஊர் மக்களுக்கு அவளால் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பற்றி, அவளை அனுப்பும் அமைப்பு தந்த கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. இந்தப் பதிவை எழுத வைத்தது அதுதான்.

அவளுடைய பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "நாமெல்லாம் கொசுக்கடியில் வளர்ந்தவர்கள், நமக்கு ஒன்றும் வராது" என்று நம் குடும்பங்களில் சொல்வதை நம்பவே கூடாது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மலேரியாவை எதிர்க்கும் சக்தி பெற்றோர் வழியாக வந்துவிடாது. மலேரியா வராமல் தடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை எடுத்துக்கொள்வதானால், புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, அங்கிருக்கும் காலமெல்லாம் தினமும் விழுங்கி, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். பலர் இந்தக் கடைசி நான்கு வாரத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

இனி, என்னை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். மலாவியில் மழைக்காலம் ஏறத்தாழ நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நீடிக்கிறது. மலேரியா ஆண்டு முழுவதும் இருந்தாலும், சுகாதார நிலையங்கள் காய்ச்சல் கண்ட குழந்தைகளால் நிரம்பி வழிவது மழையையொட்டிய மாதங்களில்தான். நம் பிள்ளைகள் போவதோ ஜூலையிலும் ஆகஸ்டிலும், அதாவது அங்கே குளிரும் வறட்சியுமான பருவத்தில். இந்தக் கால அட்டவணை நோயைப் பார்த்து வகுக்கப்பட்டதா, பல்கலைக்கழக விடுமுறையைப் பார்த்து வகுக்கப்பட்டதா என்று கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. வறண்ட பருவத்தில் செய்வதற்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய் மருந்து தோய்த்த கொசுவலைகள் எத்தனை, எவை கிழிந்திருக்கின்றன என்று கணக்கெடுப்பது மழைக்கு முன்பே முடிய வேண்டிய வேலைதான். ஆனால் அது, அவளுக்குக் காட்டப்பட்ட விளம்பரப் படங்களில் இருப்பதுபோல் குழந்தைக்கு ஊசி போடும் வேலை அல்ல.

ஊசி போடுவதற்கு மலாவியில் ஆட்கள் இருக்கிறார்கள். சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளர்கள் என்ற பெயரில் அரசாங்கமே பயிற்சியும் சம்பளமும் கொடுத்துக் கிராமங்களில் அமர்த்தியிருக்கும் பணியாளர்கள் அவர்கள். குழந்தையின் விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து மலேரியா உண்டா என்று பார்த்து மருந்து கொடுப்பதும், தடுப்பூசி போடுவதும் அவர்களே. 2019 ஏப்ரல் 23 அன்று, கானா, கென்யா, மலாவி ஆகிய மூன்று நாடுகளுக்கான முன்னோட்டத் திட்டத்தில் முதல் நாடாக மலாவி மலேரியாத் தடுப்பூசியைத் தொடங்கியது. அதை நான்கு தவணைகளாகப் போட வேண்டும். கடைசித் தவணை வரும்போது குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டு வயது. முதல் தவணைக்கு வந்த தாயின் முகத்தை நினைவில் வைத்திருந்து, வயல் வேலைக்கு நடுவே அவளைத் தேடிப்போய் நான்காம் தவணைக்கு அழைத்து வருவது, அதே ஊரில் குடியிருப்பவரால்தான் முடியும். சில வாரங்களில் விமானம் ஏறிவிடும் ஒரு மாணவி அந்தப் பணியாளருக்குப் பின்னால் நின்று பதிவேட்டை எழுதிக் கொடுத்தால், தவணை தவறிய குழந்தைகளின் பெயர்களைப் பிரித்தெடுத்துக் கொடுத்தால், அது உண்மையான உதவி.

இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் அவள் மேற்பார்வையின்றிச் செய்ய அனுமதிக்கப்படாத எந்தக் காரியத்தையும் மலாவியிலும் செய்யக் கூடாது என்பதில் நான் எள்ளளவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏழைக் குழந்தையின் கை, பழகிப் பார்ப்பதற்கான கை அல்ல. ஊசி தவறி அவள் விரலிலேயே குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்; அந்த மருந்துக்கு எங்கே போவது என்பதையும் கையேடு சொல்லவில்லை.

நல்லெண்ணத்தோடு போகிறவர்கள் நோயைக் கொண்டுபோகவும் கூடும். 2010 அக்டோபரில் ஹைட்டியில் பரவிய காலரா, ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்ததால் வந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள், ஐ.நா. மன்னிப்புக் கேட்க 2016 ஆயிற்று. அதனால்தான், அவள் தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டிருக்கிறாளா என்று பார்க்கச் சொன்னேன். காய்ச்சலோ இருமலோ இருந்தால் அன்று குழந்தைகள் பக்கம் போகாதே என்றும் சொன்னேன்.

பிள்ளைகளை இப்படி அனுப்பவிருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை என்ன வேலை செய்வாள், எதைச் செய்யக் கூடாது, அங்குள்ள எந்தப் பணியாளரின் கீழ் இருப்பாள், இந்த ஏற்பாட்டை அந்த மாவட்டத்தின் சுகாதார அலுவலகம் கேட்டதா என்பதற்கெல்லாம் அமைப்பிடமிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள். என் தங்கையின் மகளும் அப்படித்தான் கேட்டு எழுதியிருக்கிறாள். பதில் வந்த பிறகே பயணச்சீட்டு என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது.