வண்டியைப் பாருங்கள், விலாசத்தை அல்ல

மலையகத் தோட்டத்தில் இருக்கும் நண்பர் தமது காரை விற்க விளம்பரம் போட்டார், அதன் கீழ் வந்த பதில்களோ ஒரே கூத்து. "சீ.பி. இலக்கமா? மலை ஏறியே செத்திருக்கும்", "தோட்டத்துக் கார், அரை விலைக்குத் தந்தால் யோசிக்கலாம்" என்றெல்லாம் எழுதிய பெருமக்களில் ஒருவராவது சேர்விஸ் பதிவைக் கேட்டாரா? இலக்கத் தகட்டில் மத்திய மாகாணத்தைக் குறிக்கும் "சீ.பி." என்ற இரண்டு எழுத்துகளை வைத்தே எஞ்சினின் ஆயுளைக் கணித்துவிட்டார்கள். ஜாதகம் பார்ப்பவர்கூடப் பிறந்த நேரத்தைக் கேட்பார்.

ஒரு கார் எந்த ஊரில் ஓடியது என்பது பெரிதல்ல, எப்படி ஓட்டப்பட்டது என்பதே முக்கியம். கொழும்பின் காலி வீதி நெரிசலில் மணிக்கணக்கில் நின்றபடியே எஞ்சின் ஓடிய காருக்குக் கிலோமீற்றர் குறைவாகத்தான் காட்டும். கடற்காற்றில் நின்ற காரின் அடிப்பாகத்தை உப்புத் தின்றிருக்கும். நுவரெலியாவிலோ ஹற்றனிலோ ஓடிய காரில் ஏ.சி. போடும் தேவையே அபூர்வம். ஆனாலும் "கொழும்புப் பாவனை" என்று எழுதினால் விலை ஏறுகிறது, "தலவாக்கலை" என்று எழுதினால் இறங்குகிறது.

"மலையில் கிளச் சீக்கிரம் தேயுமே" என்பார்கள். தேயும், மறுக்கவில்லை. தோட்டத்துப் பாதையின் குலுக்கலில் சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ்களும் அடிபடும். அவை மாற்றக்கூடிய பாகங்கள், மாற்றிய பற்றுச்சீட்டும் நண்பரிடம் இருக்கிறது. துருப்பிடித்த அடித்தட்டுக்கு யார் பற்றுச்சீட்டுத் தருவார்?

உண்மையில் மலை வீதி யாருடைய காரைக் கெடுக்கிறது என்பதை ஏப்ரல் வசந்த காலத்தில் இறம்பொடைப் பக்கம் வந்து பார்க்கலாம். ஒருமுறை நானும் மச்சானும் கம்பளைக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, பண்டிகை விடுமுறைக்கு வந்த ஒரு கார் ஓரமாக நின்றது. முன் சக்கரங்கள் இரண்டிலும் புகை, ரப்பர் கருகியது போன்ற நாற்றம். அதை ஓட்டியவர் நுவரெலியாவிலிருந்து அதுவரை ஓட்டோமேட்டிக் கியரை, சமதரையில் ஓடும் "டீ"யிலேயே வைத்துப் பிரேக்கை மிதித்தபடி இறங்கியிருக்கிறார். இறக்கத்தில் வேகத்தைப் பிடிக்க வேண்டியது எஞ்சின் என்பதையும், பிரேக் சூடேறினால் மிதித்தாலும் பிடிக்காது என்பதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. கொதிக்கும் டிஸ்க்கில் ஊற்றுவதற்குத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தவரை மச்சான் ஓடிப்போய்த் தடுத்தார், ஊற்றியிருந்தால் தட்டு கோணியிருக்கும். அந்தக் காரும் என்றாவது விற்பனைக்கு வரும், "கொழும்புப் பாவனை, ஒரே உரிமையாளர்" என்று.

பயணம் வருவோரைக் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்த செய்தியைக் கேட்டவர் யாரும் இதில் சிரிக்க மாட்டார். அந்த வீதிகளில்தான் நாங்கள் தினமும் இரண்டாம் கியரில் இறங்குகிறோம் என்பதை மட்டும் சொல்ல வருகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் இருந்த காரைக் காப்பாற்றுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நண்பருடைய கார் அவருடைய தோட்டத்தில் பிரசவ வலி கண்டவர்களையும் சுமந்தது. நடுராத்திரியில் ஸ்டார்ட் ஆக வேண்டிய காரை யாராவது பழுதோடு வைத்திருப்பார்களா?

"வாங்குபவர் விலை பேசத்தானே செய்வார், இதற்குப்போய் உணர்ச்சிவசப்படுவதா?" என்று ஒருவர் உட்பெட்டியில் கேட்டார். விலை பேசட்டும், அது அவர் உரிமை. கண்டி நகரத்துக் காரும் சீ.பி. இலக்கம்தானே, அதை யாராவது தோட்டத்துக் கார் என்று அரை விலைக்குக் கேட்கிறார்களா? கொழும்பில் வருடக்கணக்கில் ஓடிய காருக்கும் மத்திய மாகாணத்துக்குப் பதிவு மாறியபோது அந்த எழுத்துகளைத்தானே கொடுத்தார்கள்? ஆகவே கிளச்சும் மலையும் சாக்குகள்தான், இவர்களை உறுத்துவது விற்பவரின் ஊர். எங்களுக்கு இது புதிதும் அல்ல. லயத்து வீடுகள் பலவற்றுக்குச் சொந்த விலாசமே இல்லாமல், கடிதம் தோட்டக் காரியாலயம் வழியாக வருகிறது. நான் முழுக் காப்புறுதி எடுக்கப் போனபோது "வீட்டு இலக்கம், வீதி?" என்று கேட்ட பெண், தோட்டத்தின் பெயரையும் அதன் பிரிவான டிவிஷனையும் சொன்னதும் பேனாவை மேசையில் வைத்துவிட்டு உள்ளே யாரையோ கேட்கப் போனார். தவணைப் பணத்தை மட்டும் எந்தச் சந்தேகமும் இன்றி வாங்கிக்கொண்டார்கள்.

அரை விலை கேட்ட அண்ணன்மாருக்கு ஒன்று சொல்கிறேன். பகலில் வாருங்கள். ஹற்றனில் நீங்கள் விரும்பும் கராஜில், நீங்களே அழைத்து வரும் மெக்கானிக் பாஸை வைத்துக் காரைத் தூக்கி அடியைப் பாருங்கள், கூலியை நான் தருகிறேன். குறை இருந்தால் அதைக் காட்டி விலையைக் குறையுங்கள்.