சிலையைவிடக் காலடித் தடம்

பிலிப்பைன்ஸில் அந்நாட்டின் தேசிய நாயகன் ஓசே ரிசாலை நினைவுகூரும் விதம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் மணிலாவின் லுனெட்டா பூங்காவில் உள்ள அவர் சிலையோடு நிறுத்திவிட்டீர்களே! எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியது தரையில் இருப்பதுதான். அன்றைய ஸ்பானியக் காலனி ஆட்சி அவரை அடைத்து வைத்திருந்த, அதே நகரின் சாந்தியாகோ கோட்டையில் உலோகக் காலடித் தடங்களைப் பதித்திருக்கிறார்கள். 1896 டிசம்பர் 30 காலை கொலைக்களத்துக்கு அவர் நடந்த பாதை அது. வயது 35. போர்வீரர் அல்ல, கண் மருத்துவர், எழுத்தாளர். அந்தத் தடத்தின் பக்கத்தில் நம் காலை வைத்துப் பார்த்தால் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

அப்புறம் 1956-இல் வந்த ரிசால் சட்டம். அவருடைய வாழ்க்கையையும் இரண்டு நாவல்களையும் பாடமாக வைக்கச் சொன்னது. பாதிரியார்களைக் கிழித்த நாவல்கள் ஆயிற்றே, கத்தோலிக்கத் திருச்சபை சும்மா இருக்குமா? கடுமையாக எதிர்த்தது. மத நம்பிக்கை காரணமாக மறுக்கும் மாணவருக்கு விலக்கு உண்டு என்று சேர்த்த பிறகே சட்டம் நிறைவேறியது. மாலை போடுவது எளிது சார். நாயகன் எழுதியதைப் படிக்க வைப்பதற்குத்தான் இவ்வளவு சண்டை. இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.