எண்ணெய் நாட்டுக்குப் பற்றாக்குறையே வராதாமே!

ஞாயிற்றுக்கிழமை நேரலையில் நடந்ததைப் பெரும்பாலானோர் பார்த்துவிட்டீர்கள் என்பதால் அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. சவூதி அரேபியாவின் நிதிப் பற்றாக்குறையைப் பற்றி நான் பேசத் தொடங்கியதும், "தோண்டினால் பணம் வருகிற ஊருக்கு ஏது பற்றாக்குறை, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தால் போயிற்று" என்று உடன் பேச வந்திருந்த நண்பர் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு ஒதுக்கிய நேரமும் அந்தச் சிரிப்பிலேயே முடிந்தது. அந்த நாட்டின் கிழக்கு மாகாணத்தில் 11 ஆண்டுகள் கணக்கெழுதிப் பிழைத்தவன் என்ற முறையில், நேரலையில் சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

குழாயைத் திறந்தும் பார்த்தார்கள். 2014 நவம்பரில், சவூதியும் உள்ள எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக், உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று முடிவெடுத்தது. சந்தையில் எண்ணெய் குவிந்து விலை சரிந்தது. அந்த ஆண்டின் நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. 2015ஆம் ஆண்டுக்குச் சவூதி அரசே அறிவித்த பற்றாக்குறை 36,700 கோடி ரியால். பற்றாக்குறை வராதாம்!

இதில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன என்பதையாவது புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று அரசின் வரவு செலவு. மற்றொன்று நாடு வெளியுலகத்தோடு வைத்திருக்கும் கணக்கு. எண்ணெய் விற்ற டாலர் அரசிடம் வருகிறது. அரசு அதை ரியாலாக்கிச் சம்பளமாகவும் ஒப்பந்தப் பணமாகவும் உள்ளூரில் செலவழிக்கிறது. அந்த ரியாலில் பெரும்பகுதி கார், அரிசி, இயந்திரம் என்று இறக்குமதிக்காக மறுபடி டாலர் கேட்டு வருகிறது. ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்ற விகிதம் 1986 முதல் மாறவில்லை என்பதால், கேட்பவருக்கெல்லாம் அதே விலையில் டாலர் கொடுத்தாக வேண்டியது மத்திய வங்கியின் பொறுப்பு. ஆகவே எண்ணெய் வரவு விழுந்த பிறகும் அரசு பழையபடியே செலவழித்தால் கரைவது மத்திய வங்கியின் அந்நியச் செலாவணிக் கையிருப்புதான். 2014 ஆகஸ்டில் 73,000 கோடி டாலரைத் தாண்டியிருந்த கையிருப்பு, 2017இல் 50,000 கோடிக்கும் கீழே இறங்கியது. 2016 அக்டோபரில், தன் வரலாற்றில் முதல்முறையாக, வெளிநாட்டுச் சந்தையில் கடன்பத்திரம் விற்று 1,750 கோடி டாலர் திரட்டியது, தோண்டினால் பணம் வருகிற அந்த நாடு.

"எண்ணெய்ப் பணத்தைச் சேர்த்து வைத்திருக்கிற நார்வேயைப் பார்" என்பார்கள். பார்த்தேன்; 55 லட்சம் பேர் வாழும் நாட்டையும் 3 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் நாட்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை. "2022இல் உபரி வந்ததே" என்பது நியாயமான கேள்வி. வந்தது, 10,000 கோடி ரியாலுக்கு மேல். அந்த ஆண்டு எண்ணெய் விலை அப்படி ஏறியிருந்தது. 2023இல் பற்றாக்குறை திரும்பிவிட்டது, 2024இல் அது சுமார் 11,500 கோடி ரியால். விலை தரும் உபரியை விலையே எடுத்துக்கொள்ளும் என்பதைத்தான் நான் மூச்சு முட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"அந்த நாட்டு உப்பைத் தின்றுவிட்டு இப்படிப் பேசலாமா" என்று ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். உப்புக்கு நான் விலை கொடுத்தே வந்தேன், ஐயா. 2017 ஜூலையில், வெளிநாட்டவரின் குடும்பத்தினருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. ஆண்டுக்கு 100 ஏறி 2020இல் 400 ஆகும் என்றும் அப்போதே சொல்லிவிட்டார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று மூன்று பேருக்கு, இக்காமா என்கிற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டியிருந்தது. பெரியவள் ஐந்தாம் வகுப்பை அங்கே முடிக்கவில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டேன்.

அதற்கு முந்தைய கதை இன்னும் மோசம். 2015, 2016இல் அரசு ஒப்பந்ததாரர்களுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்தி வைத்தது. நான் வேலை பார்த்த நிறுவனத்துக்கும் பில் வரவில்லை. எங்களுக்கு நான்கு மாதம் சம்பளம் வரவில்லை. கணக்கன் என்பதால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ரொக்க முறையில் எழுதப்படும் கணக்கில், கொடுக்காத பணம் செலவாகாது. அறிவித்த பற்றாக்குறை உண்மையில் இருந்ததைவிடச் சிறிதாகத் தெரிந்ததற்கு, தொழிலாளர் முகாமில் கடன் சொல்லிக் குப்பூஸ் ரொட்டி வாங்கித் தின்ற மேசன்களும் வெல்டர்களும் ஒரு காரணம். வட்டியில்லாமல் அவர்கள் கொடுத்த கடனுக்குப் பத்திரம் கிடையாது.

அந்த நண்பர் கடைசியாகச் சொன்னதுதான் என்னை இந்த நேரத்தில் விழிக்க வைத்திருக்கிறது: "நம்மாட்கள் அனுப்புகிற பணம்தானே அங்கே ஒழுகல்." ஆமாம், நாங்கள் ஊருக்கு அனுப்பியதெல்லாம் அந்த நாட்டின் நடப்புக் கணக்கில், அதாவது மேலே சொன்ன வெளியுலகக் கணக்கில், கழித்தல் குறியோடு எழுதப்படுவதுதான், 2015இல் அது 3,700 கோடி டாலருக்கு மேல். அந்தக் கணக்கில் அது சரியான பதிவு, நானே அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் அந்த ரியாலுக்கு ஈடாக 48 டிகிரி வெயிலில் எழுப்பிய சுவர் அங்கேயேதான் நிற்கிறது. அதை ஒழுகல் என்று சொல்லிச் சிரித்தவர், தன் வீட்டு மாடியை அண்ணன் அதே சவூதியின் ஜுபைல் நகரிலிருந்து அனுப்பிய பணத்தில் கட்டியதாக அதே நேரலையின் தொடக்கத்தில் பெருமையாகச் சொன்னவர்.