பெங்களூரா மாங்காய்க்கு விலை சொல்வது யார்?

ஆந்திராவில் எங்கள் சித்தூரில் இருந்து குடிபாலா வரை யார் தோப்பில் பார்த்தாலும் பெங்களூரா மரம்தான் அதிகம். தோத்தாபுரி என்றும் சொல்வோம். வீட்டில் அறுத்துச் சாப்பிட இதை வாங்குகிறவர்கள் குறைவு. ஜூஸுக்கு மாம்பழக் கூழ் எடுக்கும் ஃபேக்டரிக்கென்றே வளர்க்கிற காய். ஃபேக்டரி எடுக்காவிட்டால் வேறு போக்கிடம் இல்லை, பறித்த காயை நாள்கணக்கில் வைத்திருக்கவும் முடியாது. வாங்குகிறவருக்கு இது நன்றாகவே தெரியும்.

2025 சீசனில் விலை படுத்துவிட்டது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. அதில் ஃபேக்டரி 8, அரசு 4. அறிவிப்பு வந்த பிறகும் ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே, காய் இறக்க முறை சொல்லும் டோக்கனோடு டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றன. என் மாமாவின் லோடும் அதில் ஒன்று. வெயிலில் மேல்காய் பழுத்து, அடிக்காய் நசுங்கி, டிரெய்லர் பலகை இடுக்கில் சாறு ஒழுகியது. அதற்கும் எடையில் கழித்தார்கள். "8 ரூபாய் சொன்னாங்களே" என்று கேட்டதற்கு, "இஷ்டமிருந்தா இறக்கு, இல்லன்னா திருப்பிக்கிட்டுப் போ" என்று பதில். பறிகூலியும் டிராக்டர் வாடகையும் கொடுத்துவிட்டு யார் திருப்பிக்கொண்டு போவார்கள்?

ஃபேக்டரிதான் பல இருக்கின்றனவே, இதில் ஏகபோகம் எங்கே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பல இருந்து என்ன, எந்த கேட்டுக்குப் போனாலும் அன்றைய விலை ஒன்றுதான். பழைய கூழ் ஸ்டாக் தேங்கிக் கிடக்கிறது, பெரிய குளிர்பான கம்பெனிகள் எடுக்கவில்லை என்று ஃபேக்டரிக்காரர்கள் சொன்னார்கள். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். மேலே வாங்குகிறவர்கள் சிலர்தான். அவர்கள் ஃபேக்டரியை நெருக்கினால் ஃபேக்டரி விவசாயியை நெருக்கும். விவசாயிக்குக் கீழே யாரும் இல்லை. வாங்குகிறவர்கள் கூடிப் பேசி விலை வைப்பதையும் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அப்படிப் பேசினார்கள் என்று டெல்லியில் இருக்கும் போட்டி ஆணையத்துக்குப் போய் நிரூபிக்க மூன்று ஏக்கர்காரரால் ஆகுமா?

இதற்கு நடுவில் வெளிமாநிலக் காய் சித்தூருக்குள் வரக்கூடாது என்று ஜூனில் தடை போட்டார்கள். கோலார் விவசாயி தவித்தார், கர்நாடக முதல்வர் கடிதம் எழுதினார். எங்களுக்குப் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் பாதிப்பேருக்குத் தோப்பு கிருஷ்ணகிரிப் பக்கம். உங்கள் காயால்தான் எங்கள் விலை போச்சு என்று சொந்தக்காரரையே கோபிக்க வைத்தது அந்த உத்தரவு. விலையை வைத்தவர் பெயர் இந்தச் சண்டையில் வரவே இல்லை.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பாலுக்கு இதே கதி இருந்தது. பம்பாய்க்குப் பால் எடுக்கும் உரிமை போல்சன் கம்பெனியிடம் இருந்தது, அவர்கள் சொன்னதே விலை. விவசாயிகள் பால் ஊற்றுவதை நிறுத்தி, 1946இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அதுதான் அமுல். எங்கள் சித்தூரிலும் பெரிய கூட்டுறவுப் பால் பண்ணை இருந்தது. 2002இல் மூடினார்கள். அதோடு, தனியார் விலை பிடிக்கவில்லை என்றால் பாலை ஊற்ற இருந்த இன்னொரு இடமும் போய்விட்டது.

அரசு தந்த 4 ரூபாயை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த வருஷம் அதுவும் இல்லாவிட்டால் இன்னும் பல பேர் மரத்தை வெட்டியிருப்பார்கள். ஆனால் வாங்குகிறவர் தரவேண்டிய விலையில் ஒரு பங்கை நம் வரிப்பணம் கட்டியது. அதே பணத்தில் விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு கூழ் ஆலை வைத்துக் கொடுங்கள். எல்லாக் காயையும் அது வாங்கவேண்டியதில்லை. பக்கத்தில் ஒன்று நியாய விலைக்கு எடுக்கிறது என்றால் மற்ற கேட்டிலும் பேச்சு மாறும். அதுவரைக்கும், காய் பறிக்கும் முன்பே ஃபேக்டரி விலையை எழுதி ஒட்டட்டும், டோக்கனைத் தாசில்தார் ஆபீஸ் கொடுக்கட்டும். வரும் சீசனுக்கு முன்னாடி இதைக் கேட்டு மனு கொடுக்கப் போகிறோம். கிருஷ்ணகிரி, கோலார் பக்கத்து விவசாயிகளும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.