துணியை உருட்டினால் கிலோ குறையாது
விமானப் பயணத்துக்குப் பெட்டி அடுக்கும்போது துணியைச் சுருட்டி வைக்கச் சொல்கிறார்கள். அதில் இடம்தான் மிச்சமாகும், எடை அப்படியேதான் இருக்கும். உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி காலியாகவே 3 கிலோ இழுக்கும். கிட்டத்தட்டப் பாதி அங்கேயே போச்சு! முதுகுப்பை என்றால் ஒரு கிலோவுக்குள் முடியும். கனமான ஜீன்ஸையும் ஷூவையும் போட்டுக்கொண்டே ஏறுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், அதன் எடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் சோதனையிலேயே எடுத்துவிடக்கூடும். குடும்பத்துக்கு ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) டிக்கெட் எடுத்தால், பல நிறுவனங்களில் செக்-இன் எடையை மொத்தமாகப் பார்ப்பார்கள். அப்படியும் மிஞ்சினால் கூடுதல் எடைக்கான பணத்தை முன்கூட்டியே ஆன்லைனில் கட்டிவிடுங்கள், கவுன்டரில் கூடுதலாகக் கேட்பார்கள். கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருக்கட்டும். திரும்பும்போது அல்வாவுக்கு 2 கிலோ ஒதுக்க மறந்துவிடாதீர்கள்.