விற்காத கன்சோலும் அதன் பின்னால் வரும் இழப்பும்

புதிதாக வரும் கேம் கன்சோல், அதாவது வீடியோ கேம் விளையாடுவதற்கென்றே செய்யப்படும் கருவி, ஒன்று எடுபடவில்லை என்றால், கிடங்கில் தேங்கும் பெட்டிகளின் அடக்க விலைதான் தயாரித்த நிறுவனத்தின் இழப்பு என்று கீழக்கரையில் என்னோடு பேசும் இளைஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த இழப்பு பெரிதுதான். ஆனால் ஒரு நிறுவனத்தைச் சாய்க்கும் வலு அதற்குப் பின்னால் வரும் இழப்புக்கே உண்டு என்பது என் உறுதியான கருத்து.

கருவியை அடக்க விலையை ஒட்டியோ அதற்கும் குறைத்தோ விற்றுவிட்டு, பிறகு விற்கும் ஒவ்வொரு கேமிலும் தனக்குச் சேரும் பங்கில் லாபம் பார்ப்பது இந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். 2006-இல் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 3-ஐ அமெரிக்காவில் 499, 599 டாலர் என மக்கள் முகம் சுளித்த விலைகளில் வெளியிட்டது. அந்த விலைகூட ஒரு கருவிக்கு ஆன செலவுக்குக் கட்டவில்லை. 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அதன் கேம் பிரிவு ஏறக்குறைய 23,200 கோடி யென் செயல்பாட்டு இழப்பைக் காட்டியது. திரைப்படம், இசை, மின்னணுப் பொருள்கள் என மற்ற பிரிவுகள் இருந்ததால் சோனி தாங்கியது.

பாம்பனில் விசைப்படகு கடலுக்குள் இறங்கும் முன்பே டீசலுக்கும் ஐஸுக்கும் பணம் போய்விடுவதைப் போல, கன்சோலிலும் சிப் வடிவமைப்பு, உதிரிபாகக் கொள்முதல், விளம்பரம் எல்லாவற்றுக்கும் செலவு முன்னதாகவே முடிந்துவிடுகிறது. எத்தனை விற்கும் என்ற ஒற்றை மதிப்பீட்டை நம்பியே அவ்வளவும் செய்யப்படுகிறது. நின்டெண்டோ 2012 நவம்பரில் வெளியிட்ட வீ யு கருவியில் அந்த மதிப்பீடுதான் பொய்த்தது. ஒரே நிதியாண்டில் 90 லட்சம் விற்கும் என்று சொல்லியிருந்த நிறுவனம், 2014 ஜனவரியில் அதை 28 லட்சமாகக் குறைத்துக்கொண்டது. தலைவர் சத்தோரு இவாட்டா தம் சம்பளத்தைப் பாதியாக்கிக்கொண்டார். அந்த ஆண்டின் செயல்பாட்டு இழப்பு ஏறத்தாழ 4,640 கோடி யென். முந்தைய வீ கருவி 10 கோடிக்கு மேல் விற்றிருக்க, வீ யு தன் ஆயுள் முழுவதிலும் 1 கோடியே 35 லட்சத்தைச் சற்றே தாண்டியது.

கருவியை வாங்கியவர்கள் குறைவு என்று தெரிந்ததும், கேம் தயாரிக்கும் வெளி நிறுவனங்கள் தங்கள் முதலீட்டை வேறு கருவிகளுக்குத் திருப்பின. புதிய கேம்கள் வராததால் கருவியை வாங்க வருபவர்கள் மேலும் குறைந்தார்கள். இந்தச் சுழலையே நான் உண்மையான ஆபத்து என்கிறேன். தேங்கிய சரக்கின் இழப்பை ஓராண்டுக் கணக்கில் எழுதித் தள்ளிவிடலாம்; வராமல் போன கேம்களின் பங்குத்தொகையோ அந்தக் கருவி சந்தையில் இருக்கும் காலமெல்லாம் வராது. விலைக் குறைப்பு சில நேரம் கைகொடுக்கும்: 2011-இல் நின்டெண்டோ தன் கையடக்க கேம் கருவியான 3டிஎஸ்ஸின் விலையை அமெரிக்காவில் 249 டாலரிலிருந்து 169 டாலருக்கு இறக்கிய பிறகு அது மீண்டது. வீ யு காலத்தில் நின்டெண்டோவைத் தாங்கியதில் அந்த 3டிஎஸ் விற்பனைக்கும் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த ரொக்கத்துக்கும் பெரும் பங்குண்டு. அந்தக் கையிருப்பு இல்லையென்றால் 2017-இல் அதன் அடுத்த கன்சோலான ஸ்விட்ச் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

இன்னொரு ஜப்பானிய கேம் நிறுவனமான செகாவுக்கு அப்படிப்பட்ட சேமிப்பு வாய்க்கவில்லை. அதன் முந்தைய கன்சோலான சாட்டர்ன் தந்த கடனோடுதான் அது 1998-இல் டிரீம்காஸ்ட் என்ற புதிய கன்சோலை ஜப்பானில் இறக்கியது. கருவி நல்ல கருவி. அதை இன்றும் அன்போடு நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சோனியின் பிளேஸ்டேஷன் 2 வரப்போகிறது என்று மக்கள் காத்திருந்தார்கள். இன்னொரு பின்னடைவைத் தாங்கும் பணம் செகாவிடம் இல்லை. 2001 ஜனவரியில் கன்சோல் தயாரிப்பையே கைவிடுவதாக அறிவித்தது. தலைவர் இசாவோ ஒக்காவா தம் சொந்தப் பங்குகளையே நிறுவனத்துக்குக் கொடையாக அளித்துவிட்டு, அதே ஆண்டு மார்ச்சில் காலமானார்.

ஆகவே, துபாயிலிருந்து வரும் சபுராளி உறவினரிடம் புதிய கன்சோலை வாங்கிவரச் சொல்லும் தம்பிகள், வெளியீட்டு மாதத்தின் ஆரவாரத்தைப் பார்க்காமல், அடுத்த ஆண்டுக்கு எத்தனை வெளி நிறுவனங்கள் அதற்கு கேம் அறிவித்திருக்கின்றன என்பதைப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.