எங்கள் காமன் கூத்துக்கு யார் உரிமையாளர்?

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மாசி மாதம் நடந்த, மன்மதன்-ரதி கதையை ஆடும் காமன் கூத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து இணையத்தில் ஏற்றினேன். மறுநாளே அறிவித்தல் வந்துவிட்டது: அதிலுள்ள இசை ஏதோ ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமாம்! ரதியின் ஒப்பாரியும் தப்பு மேள அடியும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பெரியவர்கள் பரம்பரை பரம்பரையாகக் காத்து வந்தவை. யாரோ அதை ஒலிப்பதிவு செய்து விற்றுவிட்டால் மூலமே அவர்களுடையதாகிவிடுமா? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஒலியை ஒப்பிட்டு உரிமை பார்க்கும் அந்தத் தளத்தின் தானியங்கி இயந்திரத்துக்கு அது எங்கே தெரியப்போகிறது? ஒலி ஒத்துப்போனால் போதும், விளம்பரக் காசு அந்த நிறுவனத்தின் பக்கம் போய்விடுகிறது.

மறுப்பு, மேன்முறையீடு என்று போனால் எரிச்சல் இரட்டிப்பாகிறது. முழுப்பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் கொடுக்க வேண்டும். உரிமை கோரியவர்களுக்கும் அவை அனுப்பப்படுமாம். அவர்களுடைய முகவரியை எனக்கு யார் தருவார்? அதுவும் இங்கே லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரியே கிடையாது. கடிதங்கள் தோட்டத்து விலாசத்துக்குத்தான் வருகின்றன. கட்டாயம் நிரப்பச் சொல்லும் அந்தக் கட்டத்தில் நாங்கள் எதை எழுதுவது? கேட்டுத் தெளியலாம் என்றால், பதில் சொல்ல ஒரு மனிதர்கூட அங்கே இல்லை.